கண்டலை நடுமுன் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யூலை 26 உலகக் கண்டல் (அலையாத்தி மரம்) நாள். 2015இல் யுனெஸ்கோ அறிவித்தது. அந்த நாளை ஒட்டி எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் ஏதாவது ஒரு களப்புக் கரையில் கன்று நடும் படம் பத்திரிகைகளில் வருவது வழக்கமாகிவிட்டது. நடுகிறவர்களின் நல்ல மனதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் படம் எடுத்த இடத்துக்கு மூன்றாம் வருடம் போய்ப் பார்க்கிறவர் மிகக் குறைவு. கண்டற்காட்டை மீட்பதில் கன்று நடுவது கடைசி வேலை. பல இடங்களில் அது தேவையே இல்லாத வேலை. அதை முதல் வேலையாக்கிக்கொண்டதால்தான் பணமும் உழைப்பும் சேற்றோடு போகின்றன. கொட்டியார்க்குடா, தம்பலகாமக் குடா, உப்பாறு, கிண்ணியா, குச்சவெளி, கொக்கிளாய் என்று கண்டல் உள்ள எந்தப் பக்கத்தில் வேலை தொடங்கினாலும், தொடங்குமுன் பார்க்க வேண்டியவற்றை அளவுகளோடு எழுதுகிறோம்.

முதலில் நாட்டின் கணக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் முழுவதும் கண்டல் நடும் திட்டங்கள் குவிந்தன. அவற்றில் 23 இடங்களை ஆராய்ந்த உள்நாட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்களின் அறிக்கை 2017இல் வெளிவந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட முயன்றதில் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. கன்று மட்டமானது என்பதல்ல காரணம். இடம் பிழை, இனம் பிழை, நட்ட பிறகு பார்க்க ஆளில்லை. இந்தத் தோல்விகளைப் படித்துத் திருத்திக்கொண்டதற்குப் பலனும் கிடைத்தது: இலங்கையின் கண்டல் மீளமைப்பு முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலக மீளமைப்பு முன்மாதிரிகளில் ஒன்றாகத் தெரிவு செய்தது. நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த பாடத்தை எங்கள் மாவட்டக் கரைகளில் மறந்துவிட்டு நடுவது நியாயமில்லை.

கண்டல் தண்ணீருக்குள் வளரும் மரம் என்ற எண்ணம்தான் முதல் பிழை. தண்ணீர் வந்து போகும் இடத்தில் வளரும் மரம் அது. வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவில் ஒரு சராசரி மட்டம் உண்டு அல்லவா, அதற்கு மேலே, உயர்ந்த பெருக்கு எட்டும் கோட்டுக்குக் கீழே உள்ள பட்டைதான் அதன் இருப்பிடம். மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவாகத்தான் அந்த நிலம் நீரில் மூழ்கியிருக்கும். சேற்றுக்குள் காற்றில்லை. வற்று நேரத்தில் தாங்குவேரிலும் மூச்சுவேரிலும் உள்ள சிறு துளைகள் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் அடிவேர் உயிரோடு இருக்கும். இருபத்துநான்கு மணி நேரமும் நீர் நின்றால் மரம் மூச்சு முட்டிச் சாகும்.

எங்கள் கரையில் வற்றுப் பெருக்கு வித்தியாசம் மிகச் சிறியது. பறுவத்திலும் அமாவாசையிலும் கூட ஒரு மீற்றருக்கு வெகு கீழேதான். களப்புக்குள் அது இன்னும் ஒடுங்கிவிடும். ஆகவே கண்டல் வளரக்கூடிய பட்டையின் உயரமும் சில பத்துச் சென்ரிமீற்றர்தான். வேறு நாட்டில் இரண்டு மூன்று மீற்றர் பெருக்கு உள்ள கரைக்கு எழுதிய கைநூலை வைத்துக்கொண்டு இங்கே நட்டால் 15 சென்ரிமீற்றர் பிழையே முழுத் தோட்டத்தையும் முடித்துவிடும். கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் மட்டம் பார்க்காமல் எந்த விவசாயியும் நாற்று நடமாட்டார். களப்புக் கரையில் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

மட்டம் பார்ப்பதற்கு விலையான கருவி வேண்டாம். மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கும், நீர் நிரப்பிய தெளிவான ரியூப் 20 மீற்றர் போதும். நட நினைத்த இடத்துக்குக் கிட்ட, தானாக முளைத்த இளங்கன்றுகள் நிற்கும் கண்டற்கரை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பெரிய மரங்களை அளவாக எடுக்கக்கூடாது. அவை முளைத்த காலத்தில் தரை மட்டம் வேறாக இருந்திருக்கலாம். வளர்ந்த மரம் தாங்கும் நீரைக் கன்று தாங்காது. இளங்கன்றுகள் நீர்ப்பக்கம் எந்த எல்லை வரை இறங்கி நிற்கின்றனவோ அங்கே ஒரு கட்டையும், கரைப்பக்கம் எந்த எல்லை வரை ஏறி நிற்கின்றனவோ அங்கே இன்னொன்றும் அறையுங்கள். இந்த இரண்டு மட்டத்துக்கும் இடைப்பட்டதே அந்தக் களப்பில் கண்டல் நிற்கும் உயரம். ரியூப்பால் இந்த மட்டத்தைப் பதினைந்து மீற்றர், பதினைந்து மீற்றராக நட நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். ரியூப்புக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் வாசிப்பு பிழைக்கும். நீரில் கொஞ்சம் சாயம் கலந்து, இரண்டு நுனியும் திறந்திருக்க, நீர் ஆடி அடங்கிய பிறகே கோடு போட வேண்டும்.

இடம் தூரமானால் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. காற்றில்லாத காலை வேளையில் களப்பு நீரே ஒரு பெரிய மட்டப்பலகை. கண்டல் ஓரத்தில் ஒருவர், நட நினைத்த இடத்தில் ஒருவர் நின்று, தொலைபேசியில் பேசிக்கொண்டு ஒரே நிமிடத்தில் நீரின் ஆழத்தை அளக்க வேண்டும். இளங்கன்றின் கீழ் எல்லையில் 20 சென்ரிமீற்றரும் நட நினைத்த இடத்தில் 45 சென்ரிமீற்றரும் இருந்தால் அங்கே நடுவதை அந்த இடத்திலேயே கைவிட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை: இரண்டு இடங்களுக்கும் நடுவில் வீதியோ அணையோ மதகோ இருந்தால் இந்த முறை உதவாது. வீதிக்கு இந்தப் பக்க நீரும் அந்தப் பக்க நீரும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை.

இதோடு ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட கம்பம் ஒன்றைத் தரையில் ஊன்றி, பறுவத்திலிருந்து அடுத்த அமாவாசை வரை காலையும் மாலையும் வாசித்து எழுத வேண்டும். ஓகஸ்டில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை. கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் தரை மாரியில் வாரக்கணக்காக அரை மீற்றர் நீருக்குள் கிடப்பதை இந்தக் கம்பம்தான் காட்டிக்கொடுக்கும்.

நடுவதற்கு ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது யாருக்கும் உரிமையில்லாத, மரமில்லாத, வெறுஞ்சேற்று வெளி. ஏன் அங்கே மரமில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. பக்கத்தில் தாய்மரங்கள் நிற்கின்றன, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விதை விழுகிறது, நீர் அவற்றைக் கொண்டுவருகிறது. இருந்தும் முளைக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்தத் தடையை நீக்காமல் கையால் நட்டாலும் அதே முடிவுதான். சில இடங்களில் தடை என்று ஒன்றுமே இல்லை, அது வேறொன்றின் வீடு. வற்றும்போது வெளிப்படும் சேற்று வெளி, வடக்கிலிருந்து வரும் உள்ளான் கூட்டங்களுக்கு இரை பொறுக்கும் நிலம். முழங்கால் ஆழத்தில் பச்சையாகத் தெரிவது கடற்புல். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. கடற்புல் மேல் கண்டலை நட்டால் காலால் மிதிபட்டுப் புல் அழியும், ஆழம் கூடியதால் கண்டலும் அழியும். இரண்டும் போன பிறகு எந்த அறிக்கையிலும் கடற்புல் இருந்ததாக ஒரு வரி இருக்காது.

தடை இருக்கும் இடங்களில் அது பெரும்பாலும் நீரோட்டத்தைப் பற்றியது. களப்பின் குறுக்கே வீதி போடும்போது ஓடை இருந்த இடத்தில் மதகாக ஒரு ஹியூம் (சீமெந்து) குழாய் வைப்பார்கள். குழாயின் அடிமட்டம் பழைய ஓடையின் அடியை விட உயரமாக இருந்தால் பெரு வெள்ளத்தில் நீர் உள்ளே ஏறும், வற்றில் வெளியே இறங்காது. உள்ளே நின்ற நீர் மே முதல் செப்டெம்பர் வரை வெயிலில் ஆவியாகி உப்பு மிஞ்சும். வீதியின் உட்பக்கத்தில் பட்டுப்போன மரங்கள் வரிசையாக நிற்க, தரையில் வெள்ளை பூத்திருந்தால் வேறு சோதனை தேவையில்லை. மதகைப் பாருங்கள். கைவிட்ட இறால் குளங்களின் அணைகளும் பழைய உப்பள வரம்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

மருந்து, குழாயை இறக்குவதும் அணையை வெட்டுவதும். ஒரு பெரிய வாயை விட, பழைய ஓடைகள் ஓடிய தடங்களில் இரண்டு மூன்று சிறிய வாய்கள் நல்லவை. பழைய வான்படங்களிலும் கூகிள் ஏர்த்தின் பழைய படங்களிலும் ஓடைத் தடம் இன்னும் தெரியும். அதை விட்டு நேர்கோடாகப் புதுக் கால்வாய் வெட்டினால் ஒரு மாரியில் மண் தூர்ந்துவிடும். வாயருகே ஒன்றிரண்டு மீற்றர் அகலம், உள்ளே போகப்போக ஒடுங்கி, 30 முதல் 50 சென்ரிமீற்றர் ஆழம், சாய்ந்த கரை. இதற்கு மேல் தோண்டக்கூடாது. கண்டற் சேற்றின் ஆழத்தில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் உண்டு. காற்றுப் பட்டால் அது அமிலமாக மாறும். தோண்டிய மண்ணில் சில வாரத்தில் வைக்கோல் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றினால், ஓடை நீர் துருநிறம் காட்டினால், ஆழம் கூடிவிட்டது என்று பொருள். தோண்டிய மண்ணை ஓடையோரம் தொடர்வரம்பாகக் குவிப்பது இன்னொரு வழக்கமான பிழை. ஓடையைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே புது அணை கட்டிய கதையாக அது முடியும். மண்ணைப் பரப்ப வேண்டும், அல்லது நீர் பாய இடைவெளிகள் விட வேண்டும்.

இந்த வேலையை ஊரவர் தாமாகத் தொடங்க முடியாது. உயர்நீர்க் கோட்டிலிருந்து கரைப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றர், கடலோடு சேரும் களப்பு, ஆறுகளில் உள்நோக்கி இரண்டு கிலோமீற்றர் என்று 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் கரையோர வலயத்தை வகுத்திருக்கிறது. கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதற்குள் மண்வெட்டி வைக்க முடியாது. வீதியென்றால் வீதிக்குப் பொறுப்பானவர்கள் வேண்டும். காடு வனத் திணைக்களத்தின் கையில் இருக்கலாம். இத்தனை கதவு தட்ட வேண்டியிருப்பதால்தான் எல்லோரும் கன்று நடப் போகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். கன்று நடுவதற்கு அவ்வளவு கையெழுத்துத் தேவைப்படுவதில்லை.

நீர் வந்து போகத் தொடங்கிய பிறகு ஒன்றிரண்டு விதைப் பருவம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். தாய்மரங்கள் கிட்ட நின்றால் கன்று தானாகவே வரும். எந்த இனம் எந்த மட்டத்தில் நிற்பது என்பதை நீரே பிரித்து வைக்கும். விதை வந்து சேராத தூரமென்றால், வேறிடத்தில் பொறுக்கிய காய்களைப் பெருக்கு ஏறும் நேரத்தில் வாயருகே நீரில் விட்டுவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு தோணியும் ஒரு காலைப்பொழுதும்.

உப்பையும் அளக்க வேண்டும், அதுவும் மேல்நீரில் அல்ல. 30 சென்ரிமீற்றர் குழி தோண்டி, ஊறி வரும் நீரை எடுத்து, இறால் பண்ணைகளில் வைத்திருக்கும் உப்புமானியில் பாருங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35. ஓகஸ்டில் குழிநீர் 50ஐத் தாண்டும் இடத்தில் நீளக்காய்க் கண்டலை (நீண்ட காய் மரத்திலேயே முளைத்துத் தொங்கும் இனம்) நடுவது வீண். கடல்நீரைப் போல் இரண்டு மடங்கு உப்பிலும் தாக்குப்பிடிப்பதில் முதன்மையானது வெண்கண்டல். கண்ணா என்று சொல்வதும் அதைத்தான். அதற்கும் வெகு மேலே போனால் எதுவும் நிற்காது; மறுபடியும் மதகுக்குத்தான் போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நடத்தான் வேண்டும் என்று முடிவானால் சில விடயங்கள்.

யூலை எங்கள் பக்கத்தில் நடுகிற மாதம் அல்ல. கச்சான் காற்றும் வெயிலும் உச்சத்தில் இருக்க, சேற்று உப்பு ஆண்டிலேயே அதிகமாக நிற்கும் காலம் அது. தெற்கிலும் மேற்கிலும் பொருந்தும் நாட்காட்டி இங்கே பொருந்தாது. மேட்டுப் பக்கம் ஒக்டோபரில் முதல் மழையோடு நடலாம். தாழ்ந்த பக்கத்தை மாரி வெள்ளம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரியிலோ நடுவது மேல். வெள்ளத்துக்கு முன் நட்டால் மகாவலி வாயை அண்டிய இடங்களில் மண் மூடிப் போகும்.

பெரும்பாலான திட்டங்கள் நீளக்காய்க் கண்டலையே நடுவதற்குக் காரணம் அது பொறுக்கச் சுலபம், குத்தச் சுலபம் என்பதுதான். அந்தக் கரைக்கு அது பொருந்துமா என்று பார்த்து எடுத்த முடிவல்ல அது. இலங்கையில் இருபதுக்கு மேற்பட்ட கண்டல் இனங்கள் உண்டு. நீரோரத்தில் நீளக்காய்க் கண்டல், அதற்குப் பின்னே வெண்கண்டல், இன்னும் மேட்டில் தில்லையும் திப்பரத்தையும், ஆற்றுநீர் கலக்கும் இடத்தில் கிண்ணை என்று நிற்பதைப் பக்கத்துக் காட்டைப் பார்த்தே அறியலாம். உப்புக் கூடிய மேட்டில் நீளக்காயைக் குத்துவது கன்றுக்கு மட்டுமல்ல, அங்கே இயல்பாக வரவேண்டிய வெண்கண்டலுக்கும் இடைஞ்சல்.

நீளக்காய் மரத்திலேயே முளைத்துத் தொங்குவது. முற்றியதா என்று பார்க்கக் காயின் தலைப்பகுதியைப் பாருங்கள். தொப்பிக்குக் கீழே மஞ்சளாகவோ செம்மையாகவோ ஒரு வளையம் தெரிந்து, தொட்டவுடன் கழன்றால் முற்றியது. இழுத்துப் பிடுங்கிய பச்சைக் காய் பாதிக்கு மேல் அழுகும். தோலில் குண்டூசித் தலை அளவு துளையும் தூளும் இருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது, எறிந்துவிடுங்கள். அப்படியே நட்டால் மற்றக் காய்களுக்கும் பரவும். பொறுக்கியதை ஈரச்சாக்கில் நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து நடுவது நல்லது. புதுக்காயின் சாற்றுக்குக் கண்டல் நண்டுகள் வரும், சற்று வாடிய காயை அவ்வளவாகக் கடிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேற்றில் இறக்க வேண்டாம். தலைகீழாகக் குத்தியவர்களும் உண்டு; கூரான நுனிதான் கீழே.

வெண்கண்டல் விதையைப் புதைக்கக்கூடாது. ஒரு நாள் நீரில் ஊறவிட்டால் மேல்தோல் தானாகக் கழரும். கழராததும் துளை உள்ளதும் கழிவு. ஊறியதைச் சேற்றின் மேல் வைத்தாலே வேர் இறங்கும். ஆனால் அடுத்த பெருக்கு அள்ளிக்கொண்டு போகும் என்பதால் நாற்றுமேடையில் பையில் வளர்ப்பதே நடைமுறை. பைக்குரிய மண் நடப்போகும் இடத்துச் சேறாக இருக்க வேண்டும். கிணற்று நீர் ஊற்றி நிழலில் வளர்த்த கன்று பார்க்க அழகாக இருக்கும், களப்பில் வைத்த ஒரு மாதத்தில் இலை உதிர்க்கும். கடைசி ஒரு மாதம் நிழலைக் குறைத்து உப்பைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நான்கு முதல் ஆறு இலை வந்ததும் நட்டுவிடலாம். வைத்திருந்தால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கும், பிடுங்கும்போது அறும். நட்ட பிறகு பொலித்தீன் பையை எண்ணி எடுத்து வர வேண்டும். கொண்டுபோன எண்ணும் கொண்டுவந்த எண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் இடைவெளி என்றால் ஒரு ஹெக்டேயருக்கு 10,000 கன்று. அறிக்கைக்கு அழகான இலக்கம். கன்றுக் கணக்கில் பணம் கொடுத்தால் நெருக்கி நடவே தூண்டும். உண்மையில் காற்றும் அலையும் உள்ள கரையில் வரிசை நடுகையை விட, ஐந்து பத்துக் கன்றுகளைச் சேர்த்துத் திட்டுத் திட்டாக நடுவது நிற்கிறது. நடுவில் உள்ள வெளியைத் தானாக வரும் கன்று நிரப்பும்.

நட்ட பிறகு கன்றைக் கொல்பவற்றில் முதலிடம் கட்டாக்காலி மாடுகளுக்கும் ஆடுகளுக்கும். வெண்கண்டல் இலை மாட்டுக்கு நல்ல தீன். கோடையில் வேறு பச்சை இல்லாதபோது கரை முழுவதும் மேய்ந்துவிடும். முதல் இரண்டு வருடத்துக்கு வேலியும், வேலியை விட முக்கியமாக மாட்டுக்காரர்களோடு ஒரு பேச்சும் தேவை. மேய்ச்சலுக்கு வேறு வழி காட்டாமல் போட்ட முட்கம்பி அறுக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்தது அறுந்த வலைத் துண்டுகளும் பாசியும். பெருக்கில் வந்து சுற்றிக்கொண்டால் கன்று சரிந்துவிடும், வாரம் ஒரு தடவையாவது ஆள் போய் எடுத்துவிட வேண்டும். தண்டில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டினால் சிலர் கத்தியால் சுரண்டுகிறார்கள். தோல் உரிந்து கன்று சாவதுதான் மிச்சம். கொட்டலசு அப்படிப் படர்வது, அந்த இடம் அதிக நேரம் நீருக்குள் கிடக்கிறது என்பதற்குச் சாட்சி. அங்கே மறுபடி நடாமல் மேட்டுக்கு ஏறுவதே வழி.

எத்தனை உயிர் பிழைத்தது என்று ஆறு மாதத்தில் எண்ணி வெற்றி அறிவிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நீளக்காய் தன் உடம்பிலேயே உணவைச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த இடத்தில் குத்தினாலும் சில மாதம் பச்சையாக நின்று இரண்டு மூன்று சோடி இலையும் விடும். சேமிப்புத் தீர்ந்த பிறகுதான் இடம் சரியா என்ற பரீட்சை தொடங்குகிறது. எனவே ஆறாம் மாதத்து 90 வீதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. பத்து மீற்றர் சதுரக் கட்டங்கள் சிலவற்றை இரும்பு முளை அடித்துக் குறித்து, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தாம் வருடங்களில் எண்ண வேண்டும். நட்ட கன்றையும் தானாக வந்ததையும் வேறுவேறாக எழுத வேண்டும். ஒரே கம்பத்திலிருந்து ஒரே திசையில் படம் எடுக்க வேண்டும். பணம் தருகிறவர்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது மூன்றாம் வருட எண்ணிக்கை கைக்கு வரும் வரை பிடித்து வைத்தால் இடம் தெரிவு செய்யும் விதமே மாறும் என்பது எங்கள் கருத்து. இதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் யாரென்று பார்ப்பதும் பயனுள்ளது.

நிற்கும் காட்டைக் காப்பது புதிதாக நடுவதை விட மலிவு என்பதை விரித்து எழுதத் தேவையில்லை. ஒன்று மட்டும் விறகு வெட்டுகிறவர்களுக்காக: நீளக்காய்க் கண்டலின் இலையுள்ள கிளைகளுக்குக் கீழே தறித்தால் மறுபடி தளிர்க்காது, மரம் செத்துப்போகும். வெண்கண்டலும் தில்லையும் அடியிலிருந்து துளிர்க்கும், ஆனால் தில்லைப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கட்டடக் கழிவையும் குப்பையையும் கொட்டிக் களப்போரத்தைக் காணியாக்குவது இன்று விறகை விடப் பெரிய சேதம். எல்லைக்கல் நாட்டாத கண்டற்கரை எங்கிருந்தாலும் ஒவ்வொரு வருடமும் சில அடி சுருங்குகிறது. பிரதேச செயலகங்கள் கிராம அலுவலர் பிரிவு வாரியாக நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறித்து, அந்த வரைபடத்தை மீனவர் சங்கத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தால், கொடுவாயும் மணலையும் இறாலும் நண்டும் எங்கிருந்து வருகின்றன என்று அறிந்தவர்களே மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த மாவட்டத்தில் கண்டல் நட அனுமதி கேட்கும் எவரும், எந்த நிறுவனமானாலும், ஒரு தாளில் நான்கு விபரம் தர வேண்டும்: பக்கத்து இளங்கன்றுகளின் மட்டத்தோடு ஒப்பிட்ட தரை மட்டம், ஓகஸ்டுக் குழிநீரின் உப்பு, முன்பு அங்கே என்ன இருந்தது, இப்போது ஏன் கன்று தானாக வரவில்லை. நான்காவது கேள்விக்கு விடையில்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

யூலையில் மாணவர்களைக் கரைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தச் சொல்லவில்லை. நடுவதற்குப் பதிலாக மட்டக் கம்பம் வாசிக்கலாம், குழி தோண்டி உப்புப் பார்க்கலாம், ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனை நண்டு வளை என்று எண்ணலாம், வேர்களில் சிக்கிய வலையையும் பழைய பைகளையும் இழுத்தெடுக்கலாம். ஒவ்வொரு மதகுக்கும் இரண்டு பக்கத்திலும் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று எழுதலாம். அந்த அளவுகளை ஒரு கொப்பியில் பிரதேச செயலகத்தில் கொடுத்து வைத்தால், ஒக்டோபர் மழைக்கு முன் எந்த மதகை முதலில் திறப்பது என்று முடிவெடுக்க அது போதும்.

இப்படிக்கு,
கரையோரச் சூழல் வேலையில் உள்ள சிலர்,
திருகோணமலை.